பெட்ரோல் விலையில் வரி எவ்வளவு? நாடுகளை ஒப்பிட்டால் கணக்கு இடிக்கிறதே

கணக்குப்பிள்ளை:
சில நாடுகளின் பெட்ரோல் விலையையும் வரியையும் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவரப் பார்க்கிறேன். மூன்று இடத்தில் சிக்கல்.

பிரிட்டனில் வரி 55% என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், 120% என்று இன்னொரு பக்கம். இரண்டில் எது சரி? அடுத்தது ஜெர்மனி. லிட்டர் 1.70 யூரோ என்று வைத்து வாட், எரிசக்தி வரி இரண்டையும் கழித்த பிறகும், மிச்சம் அமெரிக்காவின் வரியில்லா விலையைவிட லிட்டருக்கு 13 சென்ட் அதிகமாக நிற்கிறது (யூரோவுக்கு 1.10 டாலர் என்று போட்டேன்). கச்சா எண்ணெய்க்கு உலகம் முழுக்க ஒரே சந்தை விலைதானே? மூன்றாவது சவூதி. அங்கே 15% வாட் இருக்கிறது, ஆனால் விலை அடிமட்டம். அதை எந்த வரிசையில் எழுதுவது?

பாரல்159:
முதல் கேள்விக்கு: இரண்டும் ஒரே தொகைதான், வகுக்கும் எண் வேறு.

பிரிட்டனில் எரிபொருள் வரி லிட்டருக்கு இத்தனை பென்ஸ் என்ற நிலையான தொகை. 57.95 ஆக இருந்ததை 2022 மார்ச்சில் 52.95 ஆகக் குறைத்தார்கள். அந்த வரியையும் சேர்த்த தொகையின் மேல் 20% வாட். ஆகவே விற்பனை விலையிலிருந்து பின்னோக்கி வரும்போது முதலில் 1.2 ஆல் வகுக்க வேண்டும், பிறகுதான் 52.95 ஐக் கழிக்க வேண்டும். பலர் 140 பென்ஸில் 20% என்று நேராக 28 ஐக் கழித்துவிடுகிறார்கள். அது தவறு, 140 க்குள் இருக்கும் வாட் 23.33 தான்.

140 ÷ 1.2 = 116.67
116.67 − 52.95 = 63.72 (வரியில்லா விலை)
மொத்த வரி = 76.28

76.28 ஐ 140 ஆல் வகுத்தால் 54.5%. 63.72 ஆல் வகுத்தால் 119.7%. முதலாவது விற்பனை விலையில் வரியின் பங்கு, இரண்டாவது சரக்கின் மேல் ஏறும் வரி. சூடான விவாதங்களில் இரண்டாவது எண்ணைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள், கேட்க மிரட்டலாக இருக்கும்.

என்னைக் கேட்டால் நாடுகளை ஒப்பிடச் சதவீதமே வேண்டாம், லிட்டருக்கு எவ்வளவு பணம் என்று எழுதுங்கள். மேலே உள்ள கணக்கில் வரியில்லா விலை 10 பென்ஸ் இறங்கினால் விற்பனை விலை 128 ஆகும், வரி 74.28 ஆகும். அதாவது வரி 2 பென்ஸ் குறைந்திருக்கிறது, ஆனால் பங்கு 58% ஆக ஏறிவிட்டது. 'அரசு வரியை ஏற்றிவிட்டது' என்று யாராவது வரைபடம் போட்டுக் காட்டினால் முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும்.

ஜெர்மனி: 1.70 ÷ 1.19 = 1.4286. எரிசக்தி வரி 65.45 சென்ட் போனால் 77.4 சென்ட். இங்கேதான் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். 2021 முதல் அங்கே எரிபொருளுக்குக் கார்பன் விலை (எரியும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடுக்கான கட்டணம்) உண்டு: தொடக்கத்தில் டன்னுக்கு 25 யூரோ, 2025 இல் 55 யூரோ. வரி என்ற பெயரில் இல்லாததால் பல அட்டவணைகளில் அது சரக்கு விலைக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், ஆகவே 55 யூரோ விகிதத்தில் லிட்டருக்குச் சுமார் 12-13 சென்ட். அதையும் கழித்தால் 65 சென்ட் யூரோ, உங்கள் மாற்று விகிதத்தில் 71-72 அமெரிக்க சென்ட். இப்போது அமெரிக்காவோடு ஒத்துப்போகும்.

கேலன்காரர்:
அமெரிக்கப் பக்கத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். அந்த ஊர் கேலன் 3.785 லிட்டர். பழைய பிரிட்டிஷ் கேலனான 4.546 ஐப் போட்டுவிட்டால் ஆறில் ஒரு பங்கு காணாமல் போய்விடும்.

கூட்டாட்சி வரி பெட்ரோலுக்குக் கேலனுக்கு 18.4 சென்ட், 1993 இலிருந்து அப்படியே நிற்கிறது. லிட்டருக்கு 5 சென்ட்கூட இல்லை. மாநில வரி இதற்கு மேல், மாநிலத்துக்கு மாநிலம் பெரிய வித்தியாசம். கலிபோர்னியா, இல்லினாய்ஸ் போன்ற சில மாநிலங்களில் விற்பனை வரியும் சேரும். எனவே 'அமெரிக்க வரி' என்று ஒற்றை எண் போடாமல் எந்த மாநிலம் என்று எழுதுவது நல்லது.

இன்னொன்று, ஆக்டேன், அதாவது பெட்ரோல் எஞ்சினில் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் எண். அமெரிக்க பம்பில் 87 என்று எழுதியிருப்பது இரண்டு வகை அளவீட்டின் சராசரி. மற்ற நாடுகளின் கணக்கில் அது ஏறக்குறைய 91. ஐரோப்பாவில் சாதாரணமாக விற்பது 95. அதனால் 87 ஐ ஐரோப்பிய 95 ஓடு ஒப்பிட்டால் ஒரு படி தரம் குறைந்த சரக்கை ஒப்பிடுகிறீர்கள். சவூதியின் 91 தான் அமெரிக்க 87 க்குச் சரியான ஜோடி.

டீசலை இதே அட்டவணையில் கலக்காதீர்கள். ஹாங்காங்கில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 6.06 ஹாங்காங் டாலர் தீர்வை, யூரோ 5 டீசலுக்குச் சுழியம். ஜெர்மனியில் டீசல் வரி குறைவு (47.04 சென்ட்), அமெரிக்காவில் டீசலுக்கே அதிகம் (கேலனுக்கு 24.4 சென்ட்), பிரிட்டனில் இரண்டுக்கும் ஒன்றே.

கணக்குப்பிள்ளை:
கார்பன் விலையைச் சேர்த்ததும் ஜெர்மனி ஒத்துவந்துவிட்டது, நன்றி. சவூதியையும் இந்தியாவையும் யாராவது சொல்லுங்கள்.

மானியம்_எங்கே:
சவூதியில் 2021 ஜூலையில் 91 பெட்ரோல் 2.18 ரியாலில் உச்சவரம்பு வைக்கப்பட்டது. டாலருக்கு 3.75 ரியால். 2.18 ÷ 1.15 ÷ 3.75 = 51 சென்ட். அதே சூத்திரத்தில் மற்ற நாடுகளுக்கு 70 சென்ட்டைச் சுற்றி வந்தால், மீதி 20 சென்ட் சந்தையில் கிடைத்திருக்கக்கூடிய, ஆனால் வாங்காமல் விட்ட பணம். அட்டவணையில் இரண்டு வரிசை போடுங்கள்: வாட் 7.6 சென்ட் கூட்டல், விலைக்கட்டுப்பாடு 20 சென்ட் கழித்தல். வாட் வரிசையை மட்டும் பார்த்தால் அது வரி போடும் நாடு, இரண்டையும் கூட்டினால் மானியம் கொடுக்கும் நாடு. மலேசியாவில் இது வெளிப்படையாகவே தெரிந்தது: 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் மானியத்தை எடுத்ததும் 2.15 ரிங்கிட் ஒரே நாளில் 3.35 ஆனது.

இந்தியாவில் பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே. அடிப்படை விலை, மத்திய கலால், டீலர் கமிஷன் மூன்றையும் கூட்டி அதன் மேல் மாநில வாட். எனவே 100 ரூபாய் விலை, 25% வாட் என்றால் 100 ÷ 1.25 = 80, அதில் கலால் 21.90 (2025 ஏப்ரல் விகிதம்), கமிஷன் சுமார் 4 போக 54 ரூபாய். சில மாநிலங்கள் சதவீதத்தோடு லிட்டருக்கு ஒரு நிலையான தொகையும் வைக்கின்றன. அங்கே அதைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். அந்த 21.90 இல் மாநிலங்களோடு பங்கிடப்படும் அடிப்படைக் கலால் வெறும் 1.40, மீதி செஸ்ஸும் கூடுதல் தீர்வையும். மத்திய-மாநிலச் சண்டை பாதி இதனால்தான்.

லாரி நிறுவனத்துக்காக ஒப்பிடுகிறீர்களா என்பதும் முக்கியம். ஐரோப்பாவில் பதிவுபெற்ற நிறுவனம் டீசலின் வாட்டைத் திரும்பப் பெறலாம், அவர்களுக்கு வாட் இல்லாத விலையே உண்மை விலை. இந்தியாவில் அந்த உள்ளீட்டு வரவு கிடையாது.

பாரல்159:
ஒரு சேர்க்கை. கச்சா எண்ணெய் பாரலுக்கு 10 டாலர் இறங்கினால் லிட்டருக்கு 6.3 சென்ட் (பாரல் 159 லிட்டர்). 85 சென்ட் விற்கும் அமெரிக்காவில் அது 7%, 1.80 டாலர் விற்கும் பிரிட்டனில் வாட் குறைவதையும் சேர்த்து 4%. 'அங்கே இறங்கியது, இங்கே இறங்கவில்லை' என்ற புகாரில் பெரும்பகுதி இந்த நிலையான வரியின் வேலை.

தேதியையும் பாருங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் வாராந்திர எண்ணெய் அறிக்கை வரியோடும் வரியில்லாமலும் விலை தருகிறது, அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின் வாராந்திர விலை வரி சேர்ந்தது. இரண்டிலும் ஒரே வாரத்தை எடுத்து, அந்த வாரத்து மாற்று விகிதத்தையே போடுங்கள். ஈரான் போல அதிகாரபூர்வ விகிதமும் சந்தை விகிதமும் எட்டாத தூரத்தில் இருக்கும் நாடுகளை டாலர் அட்டவணையில் சேர்க்காமல் விடுவதே மேல்.