பெரியப்பாவுக்கு எந்த ஸ்கேன்?

அண்ணன்: அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் புரதம்) 6.8 வந்திருக்கிறது. வியாழக்கிழமை புராஸ்டேட்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர், ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி அப்புறம்தானாம். யாராவது கூட வர முடியுமா, எனக்கு லீவு கிடைப்பது சந்தேகம்

அத்தை: ஐயோ. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?

பெரியப்பா: எனக்கு ஒன்றுமில்லை. ராத்திரி இரண்டு முறை எழுந்திருக்கிறேன், அவ்வளவுதான்

அத்தை: அண்ணி நாலு என்றார்களே

சித்தப்பா: எம்.ஆர்.ஐ. எல்லாம் எதற்கு. நேராக பெட் ஸ்கேன் எடுங்கள், உடம்பு முழுக்க ஒரே தடவையில் தெரிந்துவிடும். என் நண்பர் அதைத்தான் எடுத்தார்

அக்கா: அப்பா, அவர் எடுத்தது புற்றுநோய் என்று உறுதியான பிறகு. இங்கே அது இருக்கிறதா என்றே தெரியாது. சுரப்பி வீங்கினாலும் சிறுநீரில் கிருமி இருந்தாலும் பி.எஸ்.ஏ. ஏறும். முன்பெல்லாம் ஏறினால் நேராக ஊசிதான், அல்ட்ராசவுண்டில் சுரப்பி தெரியும், கட்டி பெரும்பாலும் தெரியாது, அதனால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்துமதிப்பாகவே குத்துவார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் சந்தேகமான இடத்துக்கு 1 முதல் 5 வரை பை-ராட்ஸ் எண் போடுவார்கள், எண் கூடக் கூடச் சந்தேகமும் கூடும். 1, 2 என்றால் பலருக்கு ஊசியே வேண்டியிருக்காது, 4, 5 என்றால் அந்த இடத்தையே குறிவைத்து எடுப்பார்கள். பிரிட்டனில் புரோமிஸ் என்று 576 பேரை வைத்து ஓர் ஆய்வு, 2017இல் வந்தது, முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் நாலில் ஒருவருக்கு மேல் பயாப்சியைத் தவிர்க்கலாம் என்று

அத்தை: சுருக்கமாகச் சொல்லு கண்ணு

அண்ணன்: 3 வந்தால்?

அக்கா: அதுதான் இழுபறி. சுரப்பியின் அளவால் பி.எஸ்.ஏ.வை வகுத்துப் பார்ப்பார்கள், பிறகு முடிவு

சித்தப்பா: அந்த இழுபறி எதற்கு என்றுதானே பெட் என்கிறேன்

அக்கா: அப்பா!! இதற்கு எடுக்கிற பி.எஸ்.எம்.ஏ. பெட், அதாவது புராஸ்டேட் புற்றுநோய் செல்களை ஒளிர வைத்துக் காட்டும் பெட் ஸ்கேன், முக்கியமாக நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான். நல்ல ஸ்கேன், நான் குறை சொல்லவில்லை. 2020இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம் சரியாகச் சொன்னதை இது 92 சதவீதம் சொன்னது. ஆனால் அந்த 302 பேருமே பயாப்சியில் உறுதியாகி, ஆபத்து அதிகம் என்று தெரிந்தவர்கள். பெரியப்பாவுக்கு இப்போது எடுத்தால் விலா எலும்பில் ஒன்றுமில்லாத புள்ளி ஒன்று ஒளிரலாம், அப்புறம் எல்லோரும் அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும்

பெரியப்பா: என்னைக் குழாய்க்குள் தள்ளுவார்களா

அக்கா: ஆமாம் பெரியப்பா, அரை மணி நேரம், சத்தமாக இருக்கும். கதிர்வீச்சு கிடையாது. காலில் பிளேட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த ஆபரேஷன் ரிப்போர்ட் இருந்தால் நல்லது

பெரியப்பா: பிளேட் வந்ததே உன் அப்பன் ஓட்டிய ஸ்கூட்டரால்தான்

சித்தப்பா: நாய் குறுக்கே வந்தது

அத்தை: 1994இல் வந்த நாய், இன்னும் ரோட்டைக் கடக்கவில்லை

அண்ணன்: ரிப்போர்ட் யாரிடம் இருக்கிறது?

அத்தை: தம்பி பீரோவில். வீட்டுப் பத்திரத்தோடு ஒரே கவரில் பார்த்தேன்

பெரியப்பா: பத்திரம் தொலைந்துவிட்டது என்றானே?

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: நான் படித்துவிட்டேன்

அண்ணன்: வியாழக்கிழமை யார் வருகிறீர்கள்??