ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம்: எங்கள் வீட்டு அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியபோது என் மகன் ஏழாம் வகுப்பு. முதலில் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் பார்த்தான். அப்புறம் பள்ளியில் வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, வீட்டுப்பாடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். தவணையில் ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். பள்ளி திறந்த பிறகும் போன் அவன் கையிலேயே தங்கிவிட்டது.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது பையன் ஆளே மாறியிருந்தான். காலையில் எழுப்பினால் சீறுவான். வகுப்பில் தூங்குகிறான் என்று ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்னார். திமிர் என்றே நினைத்தேன். இரண்டு முறை அடித்தும் இருக்கிறேன், அதை மறைக்க விருப்பமில்லை.

ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், அவன் போர்வைக்குள் வெளிச்சம். விலக்கிப் பார்த்தேன். ஏதோ ரீல்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. "என்னடா பாக்குற?" என்றேன். "தெரியலப்பா" என்றான். பொய் இல்லை, அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. கண் சிவந்து, முகம் வெளிறி இருந்தான். அதற்குப் பிறகு அவன்மேல் எனக்குக் கை ஓங்க வரவில்லை.

குழந்தைகள் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் மார்க்கைப் பற்றிக் கேட்கவே இல்லை, எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்றுதான் கேட்டார். பதின்வயதில், தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே தள்ளிப்போகுமாம். அதனால் நமக்குத் தூக்கம் வரும் நேரத்தில் அவர்களுக்கு வராது. ஆனால் 13 முதல் 18 வயது வரை 8 மணி நேரமாவது தூங்க வேண்டும், 10 மணி நேரம் வரை தூங்கினாலும் தப்பில்லை என்றார். என் மகன் தூங்கியது நாலரை மணி நேரம். சீற்றமும் மறதியும் அங்கிருந்து வந்தவை. நான் அதைத் திமிர் என்று அடித்திருக்கிறேன்.

போனைப் பிடுங்க வேண்டாம், படுக்கிற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள் என்றார். "அலாரம் வைக்கணும்பா" என்று பையன் மல்லுக்கு நின்றான். சரி என்று ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினேன். இப்போது ஒன்பதரை மணிக்கு எல்லார் போனும் ஹாலில் சார்ஜில் இருக்கும், என்னுடையதும் சேர்த்து. அதுதான் அவனை ஒப்புக்கொள்ள வைத்தது. மூன்று வாரம் கழித்து ஒரு காலை அவனாகவே எழுந்துவந்து, "அம்மா, தோசை இருக்கா?" என்று கேட்டான். என் மனைவி அடுப்படியில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்லூரி மாணவி, சேலம்:

அண்ணா, எனக்குத் தூக்கம் போகவில்லை, கண்ணாடி பார்ப்பதுதான் போயிற்று. நான் மாநிறத்துக்கும் கொஞ்சம் கறுப்பு. பதினாலு வயதில் ஒரு செயலியில் போட்டோ எடுத்தால், நான் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கி, மூக்கைச் சின்னதாக்கிக் காட்டும். தினமும் அந்த முகத்தையே பார்த்துப் பார்த்து, என் சொந்த முகம் எனக்கு அந்நியமாகிவிட்டது. அக்கா கல்யாணத்தில் குடும்பப் போட்டோவுக்கே நிற்கவில்லை. 2021-இல் பிரான்சிஸ் ஹோகன் என்ற முன்னாள் ஊழியர் வெளியே கொண்டுவந்த ஃபேஸ்புக் நிறுவன ஆவணங்களைப் பற்றிப் பின்னால் படித்தேன். தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்தும் பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், அதே நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கல்யாண ஆல்பத்தில் நான் இல்லாதது இன்னும் வலிக்கிறது.

அரசுப் பள்ளி ஆசிரியை, திருச்சி:

ஹாலில் சார்ஜ் போடுவது நல்ல யோசனைதான் சார், ஆனால் என் மாணவர்களில் பாதிப்பேர் வீட்டில் ஹாலும் படுக்கையறையும் ஒரே அறை. வீட்டுக்கே ஒரு போன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் பீரியடிலேயே தலையைச் சாய்த்துவிடுவான். தனியாக அழைத்து விசாரித்தேன். "அப்பா லோடு இறக்கிட்டு வரவே பத்து மணி ஆகும் மிஸ், அதுக்கப்புறம்தான் போன் கிடைக்கும்" என்றான். குரூப்பில் நான் அனுப்பும் வீட்டுப்பாடத்தைப் பார்க்கத்தான் முதலில் போனை வாங்குகிறான். எழுதி முடித்த பிறகு விளையாட்டு, வீடியோ என்று நள்ளிரவு தாண்டிவிடுகிறது. அவனை ராத்திரியில் போன் எடுக்க வைத்தது நான்தான் என்று புரிந்ததும் மனசு கேட்கவில்லை.

இப்போது வீட்டுப்பாடத்தைக் கடைசி பீரியடில் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறேன். குரூப்பில் எதுவும் அனுப்புவதில்லை. இரண்டு மாதம் ஆகிறது. சில நாள் அவன் இன்னும் வகுப்பில் தூங்கத்தான் செய்கிறான். ஆனால் போன திங்கட்கிழமை கணக்கில் சந்தேகம் கேட்க எழுந்து நின்றான்.