“மரத்தை எரிக்கத்தான் ஆண்டவர் படைச்சாரா அக்கா?”

ஞாயிறுவகுப்பு_அக்கா கேட்டது:

ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். இந்த மாதத் தலைப்பு, ‘ஆண்டவர் என்னை ஏன் படைத்தார்?’ வேதத்துக்கு வெளியே ஒரு கதையில் தொடங்கலாமே என்று, ஆண்டர்சன் 1844இல் எழுதிய ஃபிர் மரத்தின் கதையைச் சொன்னேன். காட்டில் நிற்கும்போது அந்த மரத்துக்குப் பெரிதாக வளரவேண்டும், கப்பலில் பாய்மரமாகப் போகவேண்டும் என்று ஒரே ஏக்கம். கிறிஸ்துமஸ் மரமாக ஒரே ஒரு ராத்திரி ஜொலிக்கிறது. அப்புறம் பரண். கடைசியில் கோடாரியும் அடுப்பும்.

“ஆண்டவர் வைத்த இடத்தில் சந்தோஷமாக இருக்கணும்” என்று முடித்து, நற்கிரியைகளைச் செய்யவே தேவன் நம்மைப் படைத்தார் என்று சொல்லும் எபேசியர் 2:10ஐ மனப்பாட வசனமாகக் கொடுத்தேன். முன்வரிசையில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தவன், “அப்போ மரத்தை எரிக்கத்தான் ஆண்டவர் படைச்சாரா அக்கா?” என்றான். எனக்கு வாய் எழவில்லை. அவசரமாக ஜெபம் செய்து அனுப்பிவிட்டேன். கதை தப்பா, நான் சொன்ன விதம் தப்பா?

பழைய_வாசகன்:

கதை தப்பில்லை சிஸ்டர். ஒரு இடத்தை விட்டுவிட்டீர்கள். மரம் கன்றாக இருக்கும்போதே சூரியக் கதிர் அதனிடம், உன் இளமையில் சந்தோஷப்படு என்று சொல்லும். பிரசங்கி 11:9 ஞாபகம் வருகிறதா? வெயிலும் காற்றும் அன்றைக்கே கையில் இருந்தன, மரம் திரும்பிப் பார்க்கவில்லை. கதையின் வலி அதுதான். அடுப்பில் போய் நோக்கத்தைத் தேடினால் அந்தப் பையன் கேட்டதைத்தான் எவனும் கேட்பான். கெட்டிக்காரன்!

இரண்டு_பெண்களின்_அப்பா:

எங்கள் வீட்டிலும் இதே கூத்து. ஆஸ்கார் வைல்ட் 1888இல் வெளியிட்ட ‘மகிழ்ச்சியான இளவரசன்’ கதையை வாசித்துக் காட்டினேன். சிலையின் மாணிக்கத்தையும் தங்கத் தகட்டையும் ஏழைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற, எகிப்துக்குப் போகவிருந்த குருவி, கடைசியில் குளிரில் செத்துப்போகும். தியாகம், அன்பு என்று நான் ஆரம்பித்ததுமே சின்னவள், “குருவி எகிப்துக்குத்தானேப்பா போகணும்?” என்று அழுதாள். அவள் சொன்னதும் சரிதான். குருவி நோக்கம் எதையும் தேடிப் புறப்படவில்லை. இன்னும் ஒரு ராத்திரி இரு என்று இளவரசன் சிலை கேட்டது, குருவி இருந்தது. மறுநாளும் சிலை கேட்டது. அழைப்பு என்பது பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நோக்கம் என்றாலே செத்துப்போவது என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசனம்_போதும்:

வேதத்தில் இல்லாத கதையா? இந்த வம்பு எதற்கு?

ஞாயிறுவகுப்பு_அக்கா:

பிரதர், ஆண்டவரே விதைக்கிறவனையும் காணாமற்போன ஆட்டையும் வைத்துத்தானே கதை சொன்னார்!

ஓய்வுபெற்ற_டீச்சர்:

நான் முப்பது வருஷம் வகுப்பு எடுத்தவள். கதை முடிந்ததும் நீதி சொல்வதை நிறுத்திப் பாரும்மா. நினிவே நகரத்தை எச்சரிக்கக் கர்த்தர் அனுப்பிய யோனாவின் புத்தகம் வேதத்தில் எப்படி முடிகிறது? வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மனுஷரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கர்த்தர் கேட்கிறார். அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிட்டது. யோனா பதில் சொன்னானா என்று எழுதவில்லை. ஓடிப்போனவனை மீன் வயிற்றிலிருந்து திருப்பிக் கொண்டுவந்து வேலை வாங்கியவர், கடைசியில் அவனையே யோசிக்க விடுகிறார். நீயும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். அமைதியாக இருப்பதுதான் கஷ்டம், சொல்லிவிட்டேன்.

ஞாயிறுவகுப்பு_அக்கா:

செய்து பார்த்தேன் டீச்சர். யோனா 4:11ஐ வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். கால்களை ஆட்டுகிற சத்தம்தான் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து அதே பையன், “மாட்டுக்காகவுமா யோனாவை அனுப்பினார்?” என்றான். பக்கத்தில் இருந்தவள், “அப்போ அந்த மரத்துக்கு யாரை அனுப்பினார்?” என்றாள். சூரியக் கதிரைத்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.