டூம்ப்ஸ்டோனிங்: தமிழில் என்ன சொல்வது?

பொருள்: சுற்றுப்பலகைக் குறைகள், விடுபட்ட சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

சுற்றுப்பலகைக் குறைகளின் சொற்பட்டியலில் 'டூம்ப்ஸ்டோனிங்' மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மின்தடை, மின்தேக்கி போன்ற இருமுனைச் சில்லுகள் ரீஃப்ளோ அடுப்புக்குள் (பற்றாசை, அதாவது சால்டரை, உருக்கி ஒட்டும் அடுப்பு) போகும்போது ஒரு முனை பேடை (பலகையில் சில்லு ஒட்டும் தாமிரத் திட்டு) பிடித்துக்கொள்ளும், மறுமுனை கிளம்பிவிடும், சில்லு எழுந்து நின்றுவிடும். 0402 என்ற அளவுக் குறியீடுள்ள சில்லு 1 மி.மீ. நீளம், அரை மி.மீ. அகலம். அது நிமிர்ந்து நின்றால் பூதக்கண்ணாடியில் ஊன்றிவைத்த கல் போலவே தெரியும். ஆங்கிலத்தில் கல்லறைக் கல் என்று பெயர் வந்தது அதனால்தான். மான்ஹாட்டன் விளைவு, தூக்குப்பால விளைவு என்றும் சொல்வதுண்டு.

'கல்லறைக்கல்லாதல்' வாயில் நுழையவில்லை. என் முன்மொழிவு 'நடுகல்'. நிமிர்ந்து நிற்கும் தோற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்கள் முதல் செங்கம் நடுகற்கள் வரை எல்லோருக்கும் தெரிந்த உருவம். கருத்துச் சொல்லுங்கள்.

* * *

மறுமொழி: ரீஃப்ளோ, பொருத்தல்

> நிமிர்ந்து நிற்கும் தோற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

தோற்றத்துக்குச் சரி. ஆனால் நடுகல்லை ஊரார் கூடி நட்டார்கள். இந்தச் சில்லை யாரும் நடவில்லை, உருகிய பற்றாசு இழுத்து நிறுத்தியிருக்கிறது. அந்த இழுப்பை முதலில் பார்ப்போம், சொல் அதிலிருந்து பிறக்கட்டும்.

சில்லின் இரு முனைகளும் பற்றாசுப் பசைமேல் உட்கார்ந்திருக்கின்றன. பசை உருகியதும் முனையின் உலோகப் பூச்சில் ஏறும். முனையின் நெற்றியில் (வெளிப்பக்கச் செங்குத்து முகத்தில்) ஏறிய பற்றாசு தன் பரப்பு இழுவிசையால் சில்லைத் தன் பக்கம் சாய்க்கப் பார்க்கும். சில்லின் வயிற்றுக்கு அடியில் இருக்கும் பற்றாசு அதைப் பலகையோடு பிடித்து வைக்கும். இரு முனைகளும் ஒன்றாக உருகினால் இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று அடக்கிவிடும். லேசாகக் கோணலாக வைத்த சில்லுகூட அப்போது நேராகிக்கொள்ளும். ஒரு முனை முந்திவிட்டால், எதிர்ப்பக்கத்தில் உருகாத பசையின் ஒட்டும், சில்லின் எடையும்தான் தடுத்தாக வேண்டும். 0402 சில்லின் எடை ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். அது எம்மாத்திரம்?

எடை அளவின் மும்மடியில் குறைகிறது, இழுவிசையோ நீளத்தின் விகிதத்தில்தான் குறைகிறது. பெரிய 1206 சில்லுகளில் இந்தக் குறையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருப்பதும், சின்ன 0402, 0201 சில்லுகளில் அது தானே வந்து நிற்பதும் இதனால்தான்.

உலோகக் கலவைக்கும் பங்குண்டு. 63/37 ஈயக் கலவை (வெள்ளீயம் 63, ஈயம் 37 விழுக்காடு) 183 டிகிரி என்ற ஒரே புள்ளியில் சட்டென்று உருகிவிடும். ஈயமில்லாத சாக் 305 (வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, தாமிரம் 0.5 விழுக்காடு) 217 முதல் 220 வரை கொஞ்சம் கூழாக இருந்துதான் முழுத் திரவமாகும். அந்த மூன்று டிகிரி, பின்தங்கிய முனைக்குக் கிடைக்கும் அவகாசம். வெள்ளி சிறிது சேர்த்து உருகும் எல்லையை அகட்டிய ஈயக் கலவைப் பசைகளை விற்பதும் இதே காரணத்துக்காகத்தான். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்பிய அடுப்பில் பற்றாசு விறுவிறுவென்று ஏறும், முந்தும் முனை இன்னும் முந்தும். ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் குறைத்தால் மற்ற இணைப்புகள் பளபளக்கும், சில்லுகள் எழுந்து நிற்கும்.

அடுப்புப் பக்கம் செய்ய வேண்டியது: 150 முதல் 200 டிகிரிக்குள் 60 முதல் 120 நொடி ஊறவிட்டுப் பலகை முழுவதையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து, 217ஐக் கடக்கும் இடத்தில் நொடிக்கு 1 டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வது.

ஆக, நடப்பது 'முனை எழுவது'. என் வாக்கு 'முனையெழல்'.

* * *

மறுமொழி: பலகை வடிவமைப்பு

அடுப்பை மட்டும் திருத்திப் பயனில்லை. குறையில் பெரும்பங்கு பலகையை வரையும்போதே போட்டதுதான். சொல்லும் வடிவமைப்பாளர் வாயில் புழங்கும்படி இருக்க வேண்டும், ஏனென்றால் வரைபடச் சரிபார்ப்புக் குறிப்பில் அதை எழுதப்போவது அவர்தான்.

பேட் இடைவெளியைப் பாருங்கள். 0402 சில்லின் முனைப்பூச்சு ஒவ்வொரு பக்கமும் சுமார் 0.25 மி.மீ. பேட்களுக்கு நடுவே 0.4 மி.மீ. விட்டால் ஒவ்வொரு முனையிலும் 0.3 மி.மீ. பேடின் மேல் இருக்கும், பூச்சு முழுக்க உள்ளே அடங்கிவிடும். இடைவெளியை 0.7 என்று வரைந்தால் முனைக்கு 0.15 மி.மீ.தான் மிஞ்சும். பொருத்தும் இயந்திரம் 0.1 மி.மீ. தள்ளி வைத்தால் ஒரு பக்கம் 0.25, மறுபக்கம் 0.05. அந்த 0.05 பக்கம் வயிற்றைப் பிடிக்கப் பற்றாசே கிடையாது. கூடவே வெளிப்பக்கம் பேடை நீட்டியிருந்தால் நெற்றி இழுப்பு கூடும். உள்ளே குறைந்து வெளியே நீண்ட பேட் என்றால் சில்லு எழுவது உறுதி. 0603 பேடில் 0402 சில்லை ஒப்பேற்றும்போது நடப்பது இதேதான்.

அடுத்தது தாமிரம். மின்தேக்கியின் ஒரு முனை கிரவுண்ட் தளம் என்ற அகன்ற தாமிரப் பரப்பில் நேராக அமர்ந்திருக்கும், மறுமுனை 0.15 மி.மீ. கோட்டில் தொங்கும். தளம் சூட்டை உறிஞ்சும், அந்தப் பேட் பின்தங்கும். நொடிக்கு 1 டிகிரி ஏறும் அடுப்பில் 3 டிகிரி வித்தியாசம் என்றால் 3 நொடித் தாமதம். சில்லு எழ அவ்வளவு நேரம் தேவையே இல்லை. தளத்தோடு சேரும் பேடை 0.2 முதல் 0.25 மி.மீ. அகலமுள்ள ஆரக்கால்களால் (சக்கரத்தின் ஆரக்கால் போன்ற தாமிரக் கோடுகள்) இணைப்பதுதான் மருந்து. மின்னோட்டம் அதிகம் என்று ஆரக்காலை எடுக்க வேண்டியிருந்தால் மறுபக்கப் பேடிலும் அதே அளவு தாமிரம் கொடுங்கள்.

சில்லை அடுப்புப் பட்டை ஓடும் திசைக்குக் குறுக்காக வைக்க வேண்டும் என்று பழைய குறிப்புகளில் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 80 செ.மீ. ஓடும் பட்டையில் 1 மி.மீ. சில்லின் இரு முனைகளும் 0.075 நொடி இடைவெளியில் உள்ளே போகின்றன. அதனால் வரும் சூட்டு வித்தியாசம் 0.1 டிகிரிகூட இல்லை. வெப்பக்காற்று அடுப்பில் திசைக்காக இடவமைப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், தாமிரத்தைக் கவனியுங்கள்.

பேடுக்குள் அடைக்காத வயா (பலகையை ஊடுருவும் தாமிரம் பூசிய துளை) இருந்தால் பற்றாசு அதன் வழியே வடிந்து ஒரு முனை பட்டினி கிடக்கும். சில்லுக்கு அடியில் தடித்த முகமூடிப் பூச்சோ (பற்றாசு ஒட்டாமல் பலகையை மூடும் பூச்சு) அச்சிட்ட வெள்ளை எழுத்தோ ஓடினால் சில்லு அதன்மேல் சீசா பலகை போல ஆடும்.

சரிபார்ப்புக் குறிப்பில் எழுதிப் பார்த்தேன்: 'சி 14இன் கிரவுண்ட் பேடில் ஆரக்கால் இல்லை, முனையெழ வாய்ப்புண்டு.' வினையாகவும் வருகிறது. 'நடுகல்லாக வாய்ப்புண்டு' என்று எழுதினால் படிப்பவர் திகைப்பார்.

* * *

மறுமொழி

திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். கும்பிடும் பொருளின் பெயரைக் குறைக்கு வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்று. உற்பத்தி வரிசையில் 'நெட்டுக்குத்தா நிக்குது' என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஏணியும் உலக்கையும் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல் இருக்கப் புதிதாக ஏன்? 'நெட்டுக்குத்து' என்றே வைப்போம்.

* * *

மறுமொழி: தரப் பரிசோதனை

'நெட்டுக்குத்து' நல்ல சொல்தான், ஆனால் அது மட்டும் போதாது. முழுதாக நிற்கும் சில்லு தப்புவதில்லை. 0402 மின்தேக்கி படுத்திருந்தால் அரை மி.மீ. உயரம், நின்றால் 1 மி.மீ. மேலிருந்து பார்க்கும் ஆய்வுக் கேமராவுக்கு நீள்செவ்வகம் இருக்க வேண்டிய இடத்தில் சிறு சதுரம் தெரியும், உடனே பிடித்துவிடும். நழுவிப் போவது அரைகுறையாக எழுந்தது. ஒரு முனை 0.1 மி.மீ. தூக்கியிருக்கும், மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். உயரம் அளக்கும் முப்பரிமாணக் கருவியோ, பக்கவாட்டுக் கேமராவோ இல்லாவிட்டால் அகப்படாது.

மின்சோதனை காப்பாற்றும் என்றும் நம்ப முடியாது. செயலியின் மின்வழியில் 100 நானோஃபாரட் மின்தேக்கிகள் பத்து பக்க இணைப்பில் இருந்தால் மொத்தம் 1 மைக்ரோஃபாரட். அவற்றின் பிழை எல்லை 10 விழுக்காடு. ஒன்று எழுந்து இணைப்பு அறுந்தாலும் ஐசிடி சோதனைக்கு (பலகையில் இருக்கும்போதே உறுப்புகளை அளக்கும் மின்சோதனை) அது பிழை எல்லைக்குள்தான் தெரியும். அதே தடத்தில் 100 மைக்ரோஃபாரட் பெரிய மின்தேக்கியும் இருந்தால் கேட்கவே வேண்டாம். பலகை தேறிவிடும், பிறகு செயலி முழு வேகத்தில் ஓடும்போது எப்போதாவது தடுமாறும். காரணம் தேடுபவர் மென்பொருளைச் சந்தேகித்துக்கொண்டிருப்பார்.

ஆகவே இரண்டும் வேண்டும். குறையின் பொதுப்பெயர் முனையெழல், அதன் முற்றிய நிலை நெட்டுக்குத்து. முனையெழுந்து இணைப்பு அறுந்த சில்லை ஐபிசி-ஏ-610 (பொருத்திய பலகைகளை ஏற்பதற்கான தரநிலை) தன் மூன்று தர வகுப்புகளிலுமே குறை என்றுதான் சொல்கிறது.

ஒன்றைக் கலந்துவிடாதீர்கள். 'பில்போர்டிங்' வேறு. அதில் இரு முனைகளும் ஒட்டியிருக்கும், சில்லு நீளவாக்கில் பக்கத்தில் சாய்ந்து நிற்கும். அதற்கு 'ஒருக்களிப்பு' என்று வையுங்கள், மனிதர் ஒருக்களித்துப் படுப்பது போலத்தான் இருக்கும். மின்தடை எழுத்துப் பக்கம் கீழே போய் ஒட்டியிருந்தால் 'குப்புறல்'.

திருத்துபவர்களுக்கு: எழுந்த சில்லை இடுக்கியால் அழுத்திப் பிடித்துச் சூடு காட்டிப் படுக்கவைக்கும் பழக்கம் கூடாது. பீங்கான் மின்தேக்கி கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். பழையதை எடுத்துவிடுங்கள், ஃப்ளக்ஸ் (பற்றாசு நன்றாக ஒட்ட உதவும் பொருள்) தடவிப் பற்றாசை உறிஞ்சும் பின்னல் கம்பியால் இரு பேடையும் துடையுங்கள், ஒரு பேடில் துளி பற்றாசு வைத்துப் புதுச் சில்லின் ஒரு முனையைப் பிடிக்கவிடுங்கள், அது இறுகிய பிறகு மறுமுனை, கடைசியாக முதல் முனையை ஒருமுறை தொட்டுவிடுங்கள். சூட்டுக்கோல் முனை சில்லின் உடலைத் தொடக்கூடாது, பேடைத்தான் தொட வேண்டும்.

* * *

மறுமொழி: பட்டியலில் சேர்க்க

'நடுகல்'லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வேடியப்பன் காரணம் ஒன்றே போதும். பாதி எழுந்த சில்லுக்கு அது பொருந்தாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. பதிவு இப்படி:

முனையெழல்: ரீஃப்ளோவின்போது இருமுனைச் சில்லின் ஒரு முனையில் பற்றாசு முந்தி உருகி இழுப்பதால் மறுமுனை பேடைவிட்டுக் கிளம்பும் குறை. வினை: முனையெழு. 'ஆர் 7 முனையெழுந்துள்ளது.' முற்றிய நிலை: நெட்டுக்குத்து. ஒப்பிடுக: ஒருக்களிப்பு, குப்புறல்.

'ஆரக்கால் பேட்' மேலே தானாக வந்துவிட்டது. தெர்மல் ரிலீஃப் என்பதற்கு நேராக அதையும் எழுதிவைக்கிறேன்.