ஜிமெயிலுக்கு அனுப்பும் பில் ஒரு நேரம் போகிறது, ஒரு நேரம் திரும்பி வருகிறது: டிஎன்எஸ் உதவி வேண்டும்

முள்ளியாறு (திருத்துறைப்பூண்டி):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்கு, கணினி இரண்டையும் நான்தான் பார்க்கிறேன். தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா அரிசியை மூட்டை கட்டி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறோம். பில், லாரி நம்பர் எல்லாம் எங்கள் சொந்த டொமைன் மெயிலிலிருந்துதான் போகும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பழைய ஹோஸ்டிங்கை விட்டுவிட்டு வாடகைக்கு ஒரு விபிஎஸ் (இணையத்தில் கிடைக்கும் வாடகை சர்வர்) எடுத்தேன். இயங்குதளம் உபுண்டு, மெயிலை அனுப்பிப் பெற போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைத் திறந்து படிக்க டவ்காட். அலுவலகத்துக்குள் மெயில் ஒழுங்காகப் போய் வருகிறது, வெளியிலிருந்து வருவதும் வருகிறது. ஜிமெயிலுக்கு அனுப்புவதில்தான் கோளாறு. சிலது 550-5.7.26 என்று திரும்புகிறது. சிலது 550-5.7.25 என்று திரும்புகிறது. மிச்சம் போய்ச் சேர்ந்தாலும் ஸ்பாமில் கிடக்கிறது. ஒரே கடை, ஒரே முகவரி. காலையில் போகிறது, சாயங்காலம் போகமாட்டேன் என்கிறது.

நேற்று சென்னைக்கு 25 கிலோ மூட்டை 200 போயிற்று. பில் மெயிலில் வரவில்லை, வராமல் இறக்க முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். விடிகாலை 5 மணிக்குப் போன வண்டி 11 மணி வரை தெருவிலேயே நின்றது. டிரைவர் அண்ணன் தார்ப்பாயில் பனி சொட்டுவதைப் படம் எடுத்து அனுப்பினார். கடைசியில் பில்லைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் இறக்கினார்கள். தை அறுவடை ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த வாரம் இன்னும் நான்கு வண்டி கிளம்ப வேண்டும்.

இதுவரை செய்தது: டிஎன்எஸ் என்கிற டொமைன் பதிவேட்டில் எம்எக்ஸ் (மெயில் வந்து சேரும் சர்வர்), ஏ ரெக்கார்டு (பெயருக்கு உரிய ஐபி எண்), எஸ்பிஎஃப் (எங்கள் பெயரில் எந்த ஐபி மெயில் அனுப்பலாம் என்ற வரி) போட்டிருக்கிறேன். டொமைன் வாங்கின இடத்துப் பேனலில் பிடிஆர் (ஐபி எண்ணிலிருந்து பெயரைக் காட்டுவது) என்றும் ஒன்று இருந்தது, அதையும் போட்டேன். டிகேஐஎம் (மெயிலுக்குள் போடும் டிஜிட்டல் கையெழுத்து) இன்னும் போடவில்லை. எங்கே தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

ஓடம்போக்கி (திருவாரூர்):

தம்பி, இரண்டு எண்ணும் ஒன்றல்ல, முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள். 5.7.26 என்றால் "இந்த மெயிலை அனுப்பியது இந்த டொமைன்தான் என்பதற்கு அத்தாட்சி இல்லை" என்று பொருள். எஸ்பிஎஃப், டிகேஐஎம் பக்கம் பார்க்க வேண்டும். 5.7.25 என்றால் அனுப்புகிற ஐபிக்குப் பிடிஆர் இல்லை, அல்லது இருக்கும் பிடிஆர் அந்த ஐபிக்குத் திரும்பி வந்து சேரவில்லை. இரண்டு தனித்தனிக் கோளாறு உங்களிடம் ஒன்றாக இருக்கிறது.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் இதில் கறாராகிவிட்டது. ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (அந்த இரண்டும் தவறினால் மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றும் கட்டாயம். உங்களைப் போல் நாலு பில் அனுப்புகிறவர்களுக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றும், சரியான பிடிஆரும், டிஎல்எஸ்ஸும் (வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவது) வேண்டும்.

டெர்மினலில் டிக் (டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்ப்பது) கட்டளை கொடுத்து உங்கள் டொமைனின் டிஎக்ஸ்டி ரெக்கார்டு (எஸ்பிஎஃப் போன்ற எழுத்து வரிகள்) அத்தனையையும் இங்கே போடுங்கள். ஐபியை மறைத்துக்கொள்ளுங்கள்.

முள்ளியாறு:

நன்றி அக்கா. டிஎக்ஸ்டி என்று கேட்டால் இரண்டு வரி வருகிறது. உண்மையான ஐபிக்குப் பதில் மாதிரி ஐபி போட்டிருக்கிறேன், ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் தருகிறேன்.

வி=எஸ்பிஎஃப்1 இன்க்ளூட்:பழைய-ஹோஸ்டிங் ~ஆல்

வி=எஸ்பிஎஃப்1 ஐபி4:203.0.113.25 -ஆல்

முதல் வரி பழைய ஹோஸ்டிங்காரர் போட்டது. வெப்சைட் இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதனால் அழிக்கப் பயந்து விட்டுவிட்டேன்.

அரசலாறு (கும்பகோணம்):

தம்பி, இங்கேயே ஒரு கோளாறு பிடிபட்டுவிட்டது. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் எதிர்ப்பக்கத்து சர்வர் எதை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்காது, பெர்ம்எரர் (நிரந்தரப் பிழை) என்று முடித்து இரண்டையும் தள்ளிவிடும். நீங்கள் போட்டது சரியான வரிதான். பழையது பக்கத்தில் கிடப்பதால் அதுவும் செல்லாமல் போகிறது.

இரண்டையும் அழித்துவிட்டு இப்படி ஒரே வரியாகப் போடுங்கள்:

வி=எஸ்பிஎஃப்1 ஐபி4:203.0.113.25 இன்க்ளூட்:பழைய-ஹோஸ்டிங் ~ஆல்

வெப்சைட்டில் யாராவது ஆர்டர் படிவம் நிரப்பினால் அந்த மெயில் பழைய ஹோஸ்டிங்கிலிருந்துதான் கிளம்பும், அதனால் அவர்கள் சர்வரையும் அனுமதிக்கிற இன்க்ளூடை எடுக்காதீர்கள். இன்க்ளூட், ஏ, எம்எக்ஸ் போன்றவை ஒவ்வொன்றும் ஒரு டிஎன்எஸ் தேடல். உள்ளே இருக்கும் இன்க்ளூடுகளையும் சேர்த்து மொத்தம் 10 தாண்டினால் அதுவும் பெர்ம்எரர்தான். ஐபி4 இந்தக் கணக்கில் வராது. பேனலில் எஸ்பிஎஃப் என்றே ஒரு ரெக்கார்டு வகை இருந்தாலும் தொடாதீர்கள். அது 2014-லேயே வழக்கொழிந்த வகை. டிஎக்ஸ்டியில்தான் போட வேண்டும்.

அப்புறம் அந்தப் பிடிஆர். டொமைன் வாங்கின இடத்தில் போட்டது எந்தப் பயனும் தராது. நம் வயலுக்குப் போகிற வாய்க்காலை நாம் தூர் வாரலாம், வரப்பை வெட்டி மடை திருப்பலாம். ஆற்று மதகைத் திறக்கிற சாவி மதகைப் பார்த்துக்கொள்கிற லஸ்கரிடம்தான் இருக்கும். அது மாதிரிதான் இது. டொமைன் உங்களுடையது, அதனால் ஏ, எம்எக்ஸ், டிஎக்ஸ்டி எல்லாம் உங்கள் கையில். ஐபி விபிஎஸ் கொடுத்தவருடையது. 203.0.113.25 யார் என்று கேட்டால் டிஎன்எஸ் அந்த எண்ணைத் தலைகீழாகத் திருப்பி, 25.113.0.203 என்று வேறொரு மரத்தில் போய்த் தேடும். அந்த மரம் உங்கள் டொமைன் பேனலில் இல்லை. விபிஎஸ் பேனலில் ரிவர்ஸ் டிஎன்எஸ் என்று ஓர் இடம் இருக்கும். இல்லையென்றால் டிக்கெட் போட்டுக் கேட்க வேண்டும்.

அங்கே மெயில் சர்வரின் முழுப் பெயரைக் கொடுங்கள். அந்தப் பெயரின் ஏ ரெக்கார்டு அதே ஐபியைக் காட்ட வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் மைஹோஸ்ட்நேமும் அதே பெயராக இருக்கட்டும். பெயரிலிருந்து ஐபி, ஐபியிலிருந்து பெயர், சர்வர் "நான் இன்னார்" என்று சொல்லும் பெயர், மூன்றும் ஒன்றாக நிற்க வேண்டும்.

முள்ளியாறு:

அண்ணா, எஸ்பிஎஃப் ஒரே வரியாக்கிவிட்டேன். ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸுக்கு விபிஎஸ் பேனலில் இடம் இருந்தது, பெயர் கொடுத்து அரை மணியில் டிக்கில் வந்துவிட்டது. டொமைன் பேனலில் போட்ட பிடிஆரை அழித்துவிட்டேன்.

5.7.26 இப்போது வரவில்லை. ஆனால் 5.7.25 இன்னும் வருகிறது! பத்து மெயில் அனுப்பிப் பார்த்தேன், நான்கு திரும்பிவிட்டது. பிடிஆர் இருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரிகிறது, கூகுள் இல்லை என்கிறது. சில மணி நேரம் பொறுத்தால் சரியாகுமா?

வடவாறு (மன்னார்குடி):

பொறுத்துப் பாருங்கள் தம்பி. டிஎன்எஸ் பரவ 24 மணி நேரம் எடுக்கும்.

ஓடம்போக்கி:

வடவாறு சார், அது காரணமாக இருந்தால் முதலில் எல்லாமே திரும்பி, போகப்போகக் குறைய வேண்டும். இவருக்குக் கலந்து கலந்து வருகிறது. முதல் நாளிலிருந்தே "ஒரு நேரம் போகிறது, ஒரு நேரம் திரும்புகிறது" என்றுதான் சொல்கிறார். அந்த வார்த்தையை அப்போதே நான் பிடித்திருக்க வேண்டும்.

தம்பி, மெயில் லாகில் திரும்பின ஒன்றையும் போன ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரிலே= என்பதற்குப் பின்னால், சதுர அடைப்புக்குள் கூகுளின் முகவரி இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா?

முள்ளியாறு:

அக்கா, இல்லை! திரும்பின நான்கிலும் 2404:6800 என்று தொடங்கி நீளமாக இருக்கிறது. போன ஆறிலும் நான்கு எண் புள்ளி வைத்த சாதாரண ஐபி. திரும்பி வந்த கடிதத்துக்குள்ளும் என் சர்வர் ஐபி என்று இதே மாதிரி நீளமான ஒன்றைக் காட்டுகிறது. இத்தனை நாள் அதைக் குப்பை எழுத்து என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஓடம்போக்கி:

அதுதான் ஐபிவி6, புதிய வகை நீளமான ஐபி முகவரி. விபிஎஸ் கொடுத்தவர் உங்களுக்கு ஐபிவி4 ஒன்று, ஐபிவி6 ஒன்று என்று இரண்டு முகவரி கொடுத்திருக்கிறார். நீங்கள் பிடிஆர் வைத்தது ஐபிவி4-க்கு மட்டும். கூகுளுக்கு இரண்டு வழியும் உண்டு. போஸ்ட்ஃபிக்ஸ் எதையும் முன்னால் வைக்காமல் குருட்டாம்போக்கில் ஒரு வழியைப் பிடிக்கும். ஐபிவி4 வழி போனால் எல்லாம் சரி. ஐபிவி6 வழி போனால் பிடிஆரும் இல்லை, எஸ்பிஎஃப்பில் பெயரும் இல்லை. அதனால்தான் காலையில் போனது சாயங்காலம் திரும்பியது. நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தீர்வு இரண்டு. ஒன்று, ஐபிவி6-ஐயும் முழுசாகச் செய்வது: அதற்கும் பிடிஆர், மெயில் சர்வர் பெயருக்கு ஏஏஏஏ ரெக்கார்டு (ஐபிவி6-க்கான ஏ ரெக்கார்டு), எஸ்பிஎஃப்பில் ஐபி6 என்று ஒரு சேர்க்கை. இன்னொன்று, மெயிலை ஐபிவி4-லேயே நிறுத்துவது. போஸ்ட்ஃபிக்ஸின் மெயின்.சிஎஃப் கோப்பில் ஐநெட்_புரோட்டோகால்ஸ் = ஐபிவி4 என்று மாற்ற வேண்டும். இந்த வாரம் வண்டி கிளம்ப வேண்டும் என்கிறீர்கள், இரண்டாவதைச் செய்யுங்கள். மாற்றியபின் ரீலோடு போதாது, போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும்.

முள்ளியாறு:

செய்துவிட்டேன் அக்கா. இருபது மெயில் அனுப்பினேன், இருபதும் போயிற்று. ஒன்றுகூடத் திரும்பவில்லை. மூன்று வாரமாகத் தூக்கமில்லை, இப்போதுதான் மூச்சு வருகிறது.

ஆனால் பாதி ஸ்பாமில்தான் விழுகிறது. டிகேஐஎம் போட்டால் மாறுமா? ஓபன்டிகேஐஎம் நிறுவிச் சாவியும் உண்டாக்கிவிட்டேன். பேனலில் ஒட்டினால் "மதிப்பு நீளம் அதிகம்" என்கிறது.

அரசலாறு:

மாறும், கட்டாயம் போடுங்கள். எஸ்பிஎஃப் அனுப்புகிற ஐபியைத்தான் பார்க்கிறது. கடைக்காரர் உங்கள் மெயிலைத் தன் இன்னொரு கணக்குக்குத் தானாகப் போகும்படி வைத்திருந்தால் ஐபி மாறிப்போய் எஸ்பிஎஃப் விழுந்துவிடும். டிகேஐஎம் கடிதத்துக்குள்ளேயே போட்ட கையெழுத்து. நடுவில் யாரும் கடிதத்தைத் திருத்தாத வரைக்கும் எந்த வழியாகப் போனாலும் செல்லும்.

நீளச் சிக்கல் இதுதான்: 2048 பிட் சாவி மட்டும் 392 எழுத்து வரும். டிஎக்ஸ்டியில் ஒரு துண்டு 255 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அதனால்தான் ஓபன்டிகேஐஎம் கொடுத்த கோப்பில் அதை மேற்கோள் குறிக்குள் துண்டு துண்டாக, வெளியே ஓர் அடைப்பு போட்டு வைத்திருக்கும். சில பேனல் தானே துண்டாக்கும். அதில் மேற்கோள், அடைப்பு, நடுவில் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே சரமாக ஒட்ட வேண்டும். சில பேனலில் ஒவ்வொரு துண்டையும் மேற்கோளோடு கொடுக்க வேண்டும். உங்கள் பேனல் எந்த ரகம் என்று இரண்டையும் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பி= என்பதற்குப் பின்னால் ஓர் எழுத்து விட்டுப்போனாலும் கையெழுத்து செல்லாது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பெயர்க் கட்டத்தில் செலக்டர்._டொமைன்கீ என்பதோடு நிறுத்துங்கள் (செலக்டர் என்பது சாவிக்கு நீங்கள் வைத்த பெயர்). முழு டொமைனையும் எழுதினால் பல பேனல் பின்னால் இன்னொரு தடவை சேர்த்துவிடும். டொமைன் இரட்டித்த ரெக்கார்டு எங்கேயோ கிடக்கும், தேடுகிறவனுக்குக் கிடைக்காது. என் தம்பியின் பாத்திரக்கடை மெயிலுக்கு இதே தப்பைச் செய்துவிட்டு இரண்டு நாள் தேடினேன்.

முள்ளியாறு:

அண்ணா, எனக்கும் இரட்டித்துத்தான் இருந்தது! திருத்திவிட்டேன். சாவியை ஒரே சரமாக ஒட்டினதும் பேனல் ஏற்றுக்கொண்டது. என் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பி, மூன்று புள்ளியை அழுத்தி ஷோ ஒரிஜினல் பார்த்தேன். எஸ்பிஎஃப் பாஸ், டிகேஐஎம் பாஸ். டிமார்க் என்ற வரியே இல்லை.

ஓடம்போக்கி:

அது கடைசி வேலை. _டிமார்க் என்ற பெயரில் ஒரு டிஎக்ஸ்டி: வி=டிமார்க்1; பி=நன்; ஆர்யூஏ=மெயில்டூ: போட்டு உங்கள் அலுவலக முகவரி ஒன்று. எடுத்த எடுப்பில் பி=ரிஜெக்ட் போட்டுவிடாதீர்கள். உங்கள் பெயரில் எங்கெங்கிருந்து மெயில் கிளம்புகிறது என்று உங்களுக்கே முழுசாகத் தெரியாது. வெப்சைட் படிவத்தை மறந்திருந்தால் வருகிற ஆர்டர் எல்லாம் காணாமல் போகும். நன் என்று வைத்தால் டிமார்க்கைக் காட்டி எதையும் தடுக்கச் சொல்வதில்லை, ஆர்யூஏ-வில் கொடுத்த முகவரிக்கு அறிக்கை மட்டும் வரும். கூகுள் தினம் ஒன்று சுருக்கிய எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்பும். எந்த ஐபி, எத்தனை மெயில், பாஸா இல்லையா என்று அதில் இருக்கும்.

ஃப்ரம் வரியில் உள்ள டொமைனும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் பாஸான டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் டிமார்க் பார்ப்பது. அந்த அறிக்கையில் வெப்சைட் ஐபி ஃபெயில் என்று வந்தால் இங்கே சொல்லுங்கள், அதைத் தனியாகப் பார்ப்போம்.

வடவாறு:

நான் சொன்ன 24 மணி நேரம் தப்பு. ஐபிவி6 பற்றி யோசிக்கவே இல்லை. தம்பிக்கு ஒரு விஷயம்: உறுப்பினர் எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்புகிற எண்ணம் இருந்தால், இந்தப் புதிய ஐபியிலிருந்து ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் தள்ளாதீர்கள். முதலில் பில் மட்டும் போகட்டும், கடைக்காரர்கள் பதில் போடட்டும். ஸ்பாமில் கிடந்ததை அவர்களையே "ஸ்பாம் அல்ல" என்று குறிக்கச் சொல்லுங்கள்.

முள்ளியாறு:

சரி சார், சுற்றறிக்கை மாசியில்தான். சென்னைக் கடைக்கு இன்றைக்கே போன் போட்டு, பழைய பில்லை ஸ்பாமிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை எழுதுகிறேன்: ராத்திரி 9.40-க்குச் சீரகச் சம்பா வண்டி கிளம்பியது. 9.45-க்கு பில் அனுப்பினேன். காலை 6.10-க்குக் கடையிலிருந்து "பில் இன்பாக்ஸில் இருக்கிறது, மூட்டை இறங்குகிறது" என்று மெயிலிலேயே பதில் வந்தது. அக்கா, அண்ணா, வடவாறு சார், மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டிமார்க் முதல் அறிக்கையும் வந்திருக்கிறது. இரண்டு ஐபி காட்டுகிறது. சர்வர் ஐபி பாஸ். வெப்சைட் ஐபி ஃபெயில், மூன்று மெயில்.

ஓடம்போக்கி:

அந்த மூன்றும் ஆர்டர் படிவமாகத்தான் இருக்கும். படிவம் ஃப்ரம் வரியில் உங்கள் டொமைனைப் போட்டுவிட்டு, உள்ளே ஹோஸ்டிங்காரரின் டொமைனில் அனுப்புகிறது. படிவ அமைப்பில் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை) என்று ஒன்று இருக்கும். அதில் உங்கள் மெயில் சர்வர் பெயர், போர்ட் 587, ஒரு தனி மெயில் கணக்கு, கடவுச்சொல் கொடுங்கள். அப்புறம் படிவமும் உங்கள் சர்வர் வழியாகவே கையெழுத்தோடு போகும். அதன்பின் எஸ்பிஎஃப்பில் இருக்கும் அந்த இன்க்ளூடையும் எடுத்துவிடலாம்.