புதுப்பிப்பு: மகளின் காலை வயிற்றுவலிக்குக் காரணம் தெரிந்துவிட்டது

7 வயது மகளுக்குப் பள்ளி நாட்களில் மட்டும் காலையில் வயிறு வலிக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது. பெரிய பிள்ளைகள் கதவைத் தள்ளித் திறந்து சிரித்திருக்கிறார்கள். அந்தப் பயத்தில் இவள் தண்ணீரே குடிக்காமல், நாள் முழுக்க அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வந்ததை நான் கவனிக்கவே இல்லை. மலச்சிக்கலும் பயமும் சேர்ந்த வலி என்றார் மருத்துவர். இப்படி அடக்கினால் சிறுநீர்த் தொற்றும் வரலாமாம்.

வகுப்பாசிரியையிடம் பேசினேன். மறுநாளே தாழ்ப்பாளை மாற்றிவிட்டார்கள். அப்புறம் அந்தப் பிள்ளைகளை எல்லார் முன்னாலும் நிறுத்தித் திட்டாமல், தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

நேற்று பாட்டில் காலி.

‘ஏன் வலிக்குது?’ என்று எத்தனை முறை கேட்டும் வாய் திறக்காதவள், ‘ஸ்கூலில் உனக்குப் பிடிக்காத இடம் எது?’ என்று கேட்டதும் சொல்லிவிட்டாள்.