சின்ன வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தவர்களுக்குக் குழந்தை தங்குமா?

மழைத்துளி:
எனக்கு 28 வயது. 6 வயதில் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய் வந்து இரண்டரை வருடம் சிகிச்சை எடுத்தேன். அதன்பிறகு ஒரு தொந்தரவும் இல்லை, மாதவிடாயும் தேதி தவறாமல் வருகிறது. அடுத்த மாதம் கல்யாணம். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவர் பயப்படவில்லை, நான்தான் ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் கிடக்கிறேன். கீமோ ஏறிய உடம்பில் குழந்தை தங்குமா? தங்கினாலும் அந்தக் குழந்தைக்கும் இந்த நோய் வந்துவிடுமா?

அகல்விளக்கு:
முதலில் பழைய ஃபைலைத் தேடி எடுங்கள் தோழி. சும்மா கீமோ என்று சொன்னால் எந்த டாக்டராலும் பதில் சொல்ல முடியாது, என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின் எல்லாம் சினைப்பையைப் பெரிதாகத் தொடுவதில்லை. கவனிக்க வேண்டியது சைக்ளோபாஸ்பமைடு, அதுவும் அளவு கூடக் கூடத்தான் பாதிப்பு. எலும்பு மஜ்ஜை மாற்றுக்காக உடம்பு முழுக்க ரேடியேஷன் கொடுத்திருந்தால் நிலைமை வேறு, சினைப்பையோடு கருப்பையும் அடிபடும். என் ஃபைல் அம்மாவின் பழைய துணிகளுக்கு அடியில் கிடந்தது. டோஸ் எழுதிய பக்கத்தில் மை மங்கிப்போய், செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துத்தான் படித்தேன். இன்றைக்கு எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். பரம்பரையாக வரும் சில அரிதான வகைகளைத் தவிர, நம் பிள்ளைகளுக்குப் புற்றுநோயோ பிறவிக் குறையோ மற்றவர்களைவிட அதிகமாக வருவதில்லை, அந்தப் பயத்தை விடுங்கள்.

தென்றல்:
அகல்விளக்கு சொன்னது சரி, ஆனால் மாதவிடாயை மட்டும் நம்பாதீர்கள். எனக்கும் 32 வயது வரை ஒழுங்காக வந்தது, ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை செய்தபோதுதான் முட்டை இருப்பு மிகக் குறைவு என்று தெரிந்தது. நம்மில் சிலருக்குச் சீக்கிரமே நின்றுவிடும். கல்யாணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள், குழந்தையைத் தள்ளிப்போடுவதாக இருந்தால் முட்டையை உறைய வைக்கலாமா என்றும் கேளுங்கள். அப்புறம், டாக்சோரூபிசின் அல்லது டானோரூபிசின் ஏற்றியிருந்தால் கர்ப்பத்துக்கு முன் கட்டாயம் எக்கோ, அதாவது இதய ஸ்கேன். அந்த மருந்துகள் இதயத் தசையைப் பலவீனமாக்கியிருக்கலாம், கர்ப்பகாலத்தில் இதயத்துக்கு வேலை அதிகம்.

கடலோடி:
இதை ஆண்களும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். எனக்கு மஜ்ஜை மாற்றும் முழு உடம்பு ரேடியேஷனும் நடந்தது. மீசை வளர்ந்தது, குரல் உடைந்தது, ஹார்மோனும் சரியாக இருந்தது, அதனால் சந்தேகமே வரவில்லை. விந்துப் பரிசோதனையில் ஒரு அணுகூட இல்லை. ஹார்மோன் சுரக்கும் செல்கள் தாங்கிக்கொள்ளும் ரேடியேஷனை விந்தணு உண்டாக்கும் செல்கள் தாங்காது. சிலருக்கு விதையில் சிறு அறுவை செய்து விந்தணு எடுக்க முடிகிறது, எனக்குக் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே தெரிந்து, இரண்டு பேரும் சேர்ந்து அழுது, சேர்ந்தே முடிவெடுத்தோம். மறைக்காமல் சொன்னது நல்லது தங்கச்சி.

மழைத்துளி:
அம்மாவுக்குப் போன் போட்டேன், ஃபைல் பத்திரமாக இருக்கிறது. டானோரூபிசின் என்ற பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினார். திங்கட்கிழமை எக்கோவும் ஏ.எம்.எச்.சும் எடுக்கப் போகிறேன், என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரும் கூட வருகிறார்.